முதல் செலவு அறைக்கே

சின்ன ஃபிளாட்டில் நல்ல ஸ்டீரியோ கேட்க ஆசைப்படுகிறவர்கள் கையிலுள்ள பணத்தையெல்லாம் ஸ்பீக்கரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் போட்டுவிட்டு, காலியாகக் கிடக்கும் மூலையில் அவற்றை வைத்துவிடுகிறார்கள். காதுக்கு வரும் ஒலியில் ஸ்பீக்கரிலிருந்து நேராக வருவது ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது. எனவே சிறிய வீட்டில் கருவிக்கு முன்னால் கவனிக்க வேண்டியது அறையை. இது பழைய பாடம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்று புகார் எழுந்தபோது, வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாளர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். பேசுகிறவரை மாற்றாமல் அறையை மாற்றிப் பார்த்த அந்தச் சோதனையிலிருந்துதான் நவீன அரங்க ஒலியியல் பிறந்தது.

நம் ஊர் அடுக்ககங்களில் சகஜமான பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை கச்சிதமாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் நிலையலை உண்டாகும். பன்னிரண்டு அடிக்கு அது 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57. கூரையும் பத்தடி உயரம் என்றால் அந்த 57 இரட்டிப்பாக ஓங்கும். பேஸ் கிடாரின் ‘ஏ’ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் எழுவது 55 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் அறை கும்மென்று அதிரும். பக்கத்து ஸ்வரங்கள் அமுங்கிப்போகும். பேஸ் கிடாருக்கென்றே தனி மெட்டு ஓடும் இளையராஜா பாடல்களில் இந்தக் கோணல் சட்டென்று தெரியும். நிலையலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சம், நட்டநடுவில் மிகக் குறைவு. சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில் பேஸ் வீங்கியும், அறையின் மையத்தில் சோகை பிடித்தும் கேட்பது இதனால்தான்.

ஆகவே ஸ்பீக்கர்களைப் பத்தடிச் சுவருக்கு இரண்டரை அடி முன்னால், ஒன்றுக்கொன்று ஐந்தரை அடி இடைவெளியில் வையுங்கள். அதே ஐந்தரை அடி தூரத்தில், இரண்டுக்கும் சமமாக உட்காருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான இடம் மிஞ்சும்; அறையின் நீளவாக்கில் சுவரின் வீக்கமும் மையத்தின் வெறுமையும் இல்லாத இடம் அது. பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி, நேர் ஒலிக்குச் சுமார் 3 மில்லிநொடி பிந்தி வந்து சேரும். மூளை அதைத் தனி எதிரொலியாகப் பிரிக்காமல் ஒன்றாகவே சேர்த்துக்கொள்வதால், பாடகர் நிற்கும் இடமும் வயலின் இருக்கும் இடமும் கலங்கிவிடும். ஒருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வரட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து அதில் ஸ்பீக்கர் தெரியும் புள்ளியில் கனத்த திரைச்சீலையோ, புத்தகங்கள் ஏற்ற இறக்கமாக நிறைந்த அலமாரியோ இருந்தால் போதும்.

சோபாவை நடுவில் இழுத்துப் போட்டால் வீட்டில் நடமாட இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேட்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு பிரம்பு நாற்காலி போதுமே! ஈக்வலைசர் இருக்கிறதே என்பார்கள். அது ஓங்கிய ஸ்வரத்தைத் தணிக்கும். அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இடத்தில் எவ்வளவு கூட்டினாலும் பலனில்லை. சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோமும் முட்டை அட்டையும் பேஸைத் தொடவே தொடாது. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். ஓர் அங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? ஹெட்போனில் அறையின் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் ஸ்டீரியோ ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை, இரு ஸ்பீக்கரின் ஒலியும் இரு காதுக்கும் போகும் என்று எண்ணிக் கலக்கப்பட்டவை. ஹெட்போனில், கண்முன் விரிய வேண்டிய இசை மேடை தலைக்குள் சுருங்கிவிடுகிறது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு என்ற கவலைக்கும் அருகில் உட்கார்வதே மருந்து. தூரம் பாதியானால் நேர் ஒலி 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம்.

புது ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், இருக்கிற ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுத்து, நாற்காலியை நகர்த்தி, நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைக் கேளுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.