காது பரிசோதனைக்கு முந்தைய நாள்

மண்டபத்தூர் கரையிலிருந்து ராவோடு ராவாகக் கடலுக்குப் போய் விடியலில் திரும்புகிறவர், எஞ்சின் இரைச்சல் காதில் அடங்குவதற்குள் முதல் காது பரிசோதனைக்குப் போய் உட்கார்ந்தால், வரும் முடிவை நம்ப முடியாது. பலத்த சத்தத்தில் நெடுநேரம் இருந்த காது தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். ஓய்வு கிடைத்தால் அந்த மந்தம் பெரும்பாலும் தெளியும். அதனால்தான் குறைந்தது 16 மணி நேரம் எஞ்சின், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி எதன் பக்கமும் போகாதீர்கள் என்கிறார்கள். 'எப்போதும் இருக்கிறபடி போனால்தானே உண்மை தெரியும்?' என்று கேட்கலாம். களைத்த காது முந்தின இரவின் பாதிப்பையும் சேர்த்தே காட்டும். தெரிய வேண்டியது நிலைத்துவிட்ட குறை எவ்வளவு என்பது. இனி வரும் ஆண்டுகளின் சோதனைகளையெல்லாம் இந்த முதல் தாளோடுதான் ஒப்பிடுவார்கள். அதனால் முதல் பரிசோதனையில் பாதி வீட்டிலேயே நடக்கிறது என்பேன்.

குரும்பி அடைத்திருந்தாலும் கணக்கு தப்பும். அதற்காக ஹேர்பின்னையோ கோழி இறகையோ விட்டுக் குடையக் கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து எடுக்கட்டும். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டிருந்தால் சொல்லியாக வேண்டும், அது உள்காதைக் கெடுக்கக்கூடிய மருந்து. வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போவதும் அவசியம். 'எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது, இவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள்' என்பவர் பொய் சொல்லவில்லை. இரைச்சலாலும் வயதாலும் வரும் குறை உச்ச ஒலிகளில்தான் தொடங்குகிறது. 'அ', 'ஓ' தெளிவாக விழும். 'ச', 'த' நழுவும். எந்தப் பேச்சு தப்புகிறது என்பது எதிரே பேசுகிறவருக்குத்தான் தெரியும்.

சோதனையில் வலியில்லை. ஹெட்போனில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிகள் வரும். எறும்பு ஊர்வதுபோல மெல்லியதாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்த வேண்டும். தயங்கினால் இல்லாத குறை தாளில் ஏறிவிடும். 'வயசானால் மந்தம்தானே' என்று விடுவதற்கில்லை: மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் செவித்திறன் குறையை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020 அறிக்கையில் சேர்த்திருக்கிறது. ஒரு நாள் தொழில் போகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. காதுக்கும் அதுதான் ஓய்வுக்காலம். அதுவரை காத்திருக்கக் கூடாதது ஒன்றுண்டு. ஒரு காது திடீரென ஒரே நாளில் கேட்காமல் போனால், எந்தத் தயாரிப்பும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதற்கான சிகிச்சை நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும்.