ஒரு குசினி, ஐந்து கணக்கு

பல்கலைக்கழகம் புகுந்தோ உத்தியோகம் பெற்றோ ஊரைவிட்டுச் செல்லும் நம் பிள்ளைகளிற் பலர், நண்பர் நால்வர் ஐவருடன் சேர்ந்து வீடெடுத்துத் தங்குகின்றனர். இது புதிய வழக்கம் அன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எழுதுவினைஞர்கள், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கூட்டாக வீடெடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, மாதமுடிவிற் செலவைப் பங்கிட்டு வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. 'சமறி' என்பது அவ்வாழ்க்கைக்கு வழங்கிய பெயர். இன்றைய கூட்டுவீடுகள் பலவற்றிற் சமையற்காரர் இல்லை. ஆகவே, அவர் செய்த வேலையும் பங்கிடவேண்டிய ஒன்றாகிவிட்டது. பூசலின் வித்து அங்கேதான் விழுகிறது.

வாடகையை ஐந்தால் வகுப்பது எளிது. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவதையும், குளியலறையைத் தேய்ப்பதையும், குப்பையை வெளியே வைப்பதையும் எதனால் வகுப்பது? பால்மாவை ஒருவர் வாங்க, மூவர் கரைத்துக் குடிக்க, முடித்தவர் வாய் திறவாதிருப்பார். "ஒரு கரண்டி மாவுக்காகவா முறையிடுவது?" என்று வாங்கியவரும் மௌனமாயிருப்பார். அம்மௌனம் நாளடைவில் கனத்து, ஒருநாள் கழுவாத கோப்பை ஒன்றின்மேல் வெடிக்கும். பள்ளிப் பருவத்து நட்பு அன்றோடு முறியும்.

இதில் ஒருவரும் பொய் சொல்வதில்லை என்பதே வியப்பு. மைக்கல் றொஸ், பியோரே சிக்கோலி என்னும் உளவியலாளர் இருவர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியரைத் தனித்தனியே அழைத்து, வீட்டுவேலையில் தத்தம் பங்கு எவ்வளவு என வினவினர். இருவர் கூற்றையும் கூட்டியபோது, பெரும்பாலான வேலைகளில் தொகை முழுமையை மிஞ்சியது. தான் செய்தது தன் நினைவில் நிற்கும்; பிறர் செய்தது கண்ணிற் படாமலே போகும். இருவருக்கே இந்நிலையெனில் ஐவர் வாழும் வீட்டைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

மின்சாரக் கணக்கு இன்னும் நுட்பமானது. 2000 வாற்றுக் கேத்தல் அரைமணி நேரம் இயங்கினால் ஓர் அலகு செலவாகும். 10 வாற்று மின்குமிழோ அதே அலகில் 100 மணி நேரம் எரியும். நம் நாட்டில் வீட்டு நுகர்வு கூடக்கூட, அலகொன்றின் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே, ஒருவர் மிகையாகச் செலவிட்டால், சிக்கனமாயிருந்தவரும் உயர்ந்த விலையையே கொடுக்க நேர்கிறது. மாதப் பணத்தை எண்ணிப் பெறும் ஏழை மாணவனுக்கு இது சிறு விடயம் அன்று.

இதற்கு வழி யாது? நம் முன்னோர் கண்ட வழியே போதும். யாழ்ப்பாணத்து உறுதிகளில், காணியோடு கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பங்குக் கிணற்றில் இறைப்பதற்கு முறையும் உண்டு. உடன்பிறந்தோர் ஆயினும் முறை முறையே. அன்பை நாள்தோறும் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2009ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஒஸ்ரோம் அம்மையாரும், பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணித்து வந்த இடங்கள் பலவற்றில் அவை நிலைத்திருந்தமையை எடுத்துக்காட்டினார்.

கூட்டுவீட்டுக்கும் இதுவே பொருந்தும். அரிசி, எரிவாயு, சவர்க்காரம் ஆகியவற்றுக்குப் பொதுப்பணம் வைக்கலாம். எது பொது, எது தனி என்பதை முதல் நாளிலேயே பேசி முடிக்கவேண்டும். குசினிச் சுவரில் வேலைமுறை தொங்கட்டும். வாரந்தோறும் அது மாறட்டும். பரீட்சைக் காலத்தில் முறை தவறுபவர், வேறொரு நாளை மாற்றாகக் கொடுக்கட்டும். வாரத்துக்கொருமுறை மின்மானியைப் பார்த்துக் குறித்தால், மாதமுடிவில் ஐயம் எழாது. கொப்பியில் எழுதுவது கஞ்சத்தனம் அன்று. சொல்லக் கூசுவதை ஒருவர் முகம் வாடாமற் சொல்லும் வழி அது.

பெற்றோரே, இப்பயிற்சி கொழும்பிலோ பேராதனையிலோ தொடங்குவதன்று. உண்ட தட்டைத் தாயோ தமக்கையோ கழுவுவாள் என்றே வளர்ந்த மகன், நாளை நண்பன் ஒருவனிடமும் அதையே எதிர்பார்ப்பான். துணியொன்றும் தும்புத்தடியும் இன்றே அவன் கைக்குச் செல்லட்டும். பரீட்சைப் பெறுபேற்றைப் போலவே, பிறரோடு கூடி வாழும் பக்குவமும் அவனுக்கு நாம் கொடுத்தனுப்பவேண்டிய செல்வமாகும்.