நூல் ஒளிர்ந்தால் உறை போலியா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஜெர்மனியில் பழைய பொருள் சந்தை ஒன்றில் லூகர் கைத்துப்பாக்கியின் தோல் உறை விலைக்கு வந்ததாம். விற்றவர் புற ஊதா டார்ச் ஒன்றை அதன்மேல் அடித்துக் காட்டி, “பாருங்கள், தையல் நூல் ஒளிரவே இல்லை. அசல் போர்க்காலச் சரக்கு” என்றாராம். நம்பலாமா?

அவசரப்பட்டுப் பணத்தை எடுக்க வேண்டாம். சேகரிப்பாளர்களிடையே இந்த டார்ச் சோதனை கிட்டத்தட்ட வேதவாக்கு. ஒளிர்ந்தால் போலி, ஒளிராவிட்டால் அசல், கதை முடிந்தது. அறிவியல் இவ்வளவு சுலபமாக இருந்தால் சந்தையில் யாருமே ஏமாறமாட்டார்கள்.

வரலாறு தேவைக்கு மட்டும். ஜெர்மன் தரைப்படை 1908-இல் ஏற்றுக்கொண்ட லூகருக்கு பி.08 என்று பெயர். 1938-இல் வந்த வால்தர் பி.38 அதன் வாரிசு. பி.08-இன் உறை கெட்டித் தோல். மூடியின் உட்புறத்தில் கழற்றும் கருவி வைக்க ஒரு சின்னப் பை, முன் விளிம்பில் உபரி மேகசினுக்கு ஒரு கூடு. தயாரித்தவர் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் தோலில் குத்தப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப் போர் நடுவே பெயர் மறைந்து எழுத்துக் குறியீடு வந்தது. கூடவே படைக்கல ஆய்வாளர்களின் கழுகு முத்திரை. முதல் போரில் பெரும்பாலும் பழுப்பு, இரண்டாம் போரில் பெரும்பாலும் கறுப்பு. மறுசாயம், மாற்றித் தைத்த வார், தொலைந்த பக்கிள் எல்லாம் விலையை இறக்கும். ஏற்றுவது முத்திரை. ஆகவே பித்தலாட்டமும் அங்கேதான் அதிகம். போதும், நூலுக்கு வருவோம்.

இன்றைய சலவைத் தூளிலும் வெள்ளை நூலிலும் வெண்மையூட்டிகள் கலந்திருக்கின்றன. பெரும்பாலும் ஸ்டில்பீன் குடும்பத்து மூலக்கூறுகள். 365 நானோமீட்டர் புற ஊதாவை விழுங்கி, சுமார் 435 நானோமீட்டரில் நீல ஒளியாக உமிழ்பவை. புற ஊதா ஃபோட்டான் ஒன்றை 500 ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கண் ஒரு டீக்கடை. அங்கே அந்த நோட்டு செல்லாது. வெண்மையூட்டி பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர். நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டு, கமிஷன் பிடித்துக்கொண்டு 420 ரூபாய் சில்லறை தருகிறார். அந்தச் சில்லறைதான் நீல ஒளி, டீக்கடையில் செல்லும். பிடித்துக்கொண்ட 80 ரூபாய் மூலக்கூறின் அதிர்வாகி, வெப்பமாகக் கரைந்துவிடும். (365-ஐ 435-ஆல் வகுத்துப் பாருங்கள், இதே கணக்குதான் வரும். போலியைப் பிடிக்கப் போன இடத்தில் 420 என்று விடை வந்ததற்கு நான் பொறுப்பல்ல.) 500 கொடுத்து 600 வாங்க முடியாது. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கண்டு சொன்ன விதியின் சாரம் இதுதான்.

கடைக்காரருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஸ்டில்பீனின் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு. வெளிச்சம் படப்பட, சில மூலக்கூறுகள் அந்த இடத்தில் முறுக்கிக்கொண்டு வடிவம் மாறிவிடும். மாறிய பின் ஒளிர்வு போய்விடும். நோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு சில்லறையே தராத கடை. நாளாக ஆக ஒளி மூலக்கூறையே சிதைத்து, கடையை இடித்தும் விடும். ஆண்டுக்கணக்கில் வெயில்படும் அலமாரியில் கிடந்த போலி உறையின் நூல் சாதுவாக இருட்டிலேயே இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அந்தக் கால லினன், பருத்தி நூல்கள் செல்லுலோஸ். வெண்மையூட்டியை வடிவமைத்ததே செல்லுலோஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான். 1970-களில் யாரோ ஒருவர் தாத்தாவின் உறையைச் சலவைத் தூள் தண்ணீரில் துடைத்திருந்தால், அசல் நூலும் பளீரென்று ஒளிரும். பாவம், அசலுக்குப் போலிப் பட்டம்.

டார்ச் சோதனைக்கு அடிப்படையான ‘வெண்மையூட்டி போருக்குப் பின்தான் வந்தது’ என்பதும் அரைகுறைத் தகவல். குதிரைக் கஷ்கொட்டை மரத்திலிருந்து கிடைக்கும் எஸ்குலின் துணியை வெளுப்பாகக் காட்டும் என்று ஜெர்மன் வேதியியலாளர் பவுல் கிரைஸ் 1929-லேயே காட்டிவிட்டார். ஸ்டில்பீன் வகைகளும் போர் நடக்கும்போதே ஐ.ஜி. ஃபார்பென் ஆய்வகங்களில் தயாராகிவிட்டன. வீட்டுச் சலவைத் தூள் வரை அவை பரவியதுதான் போருக்குப் பிறகு. கச்சிதமான எல்லைக்கோடு என்று எதுவும் இல்லை.

டார்ச்சும் ஒரே மாதிரி அல்ல. மலிவு டார்ச்சுகள் 395 நானோமீட்டரில் எரியும். கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளியையும் சேர்த்தே கொட்டும். வெளிறிய நூல் அந்த ஊதாவைத் திருப்பியடித்தாலே மினுங்குவதுபோல் தெரியும். பாதி ‘ஒளிர்வு’ இப்படி வருவதுதான்.

அதற்காக டார்ச்சைத் தூக்கி எறிய வேண்டாம். வடிகட்டி பொருத்திய 365 டார்ச்சாக வாங்கி, வெயிலும் ஈரமும் எட்டாத தையல்களைத் தேடுங்கள்: கருவிப் பையின் உள்மடிப்பு, இடுப்புவார் செல்லும் பட்டையின் அடிப்புறம். அங்கேயும் நூல் முழுக்கச் சீராக நீலவெண்மை என்றால் நூல் புதிது என்று சந்தேகிக்கலாம். வெளியே மட்டும் திட்டுத்திட்டாக என்றால் யாரோ துடைத்திருக்கிறார்கள். நூல் புதிது என்றால்கூட உறை புதிது என்று ஆகாது. பிரிந்த தையலை மறுபடி தைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒளிராத நூலோ எதற்கும் சாட்சி அல்ல. வெண்மையூட்டி சேராத லினன் நூலைச் சேணம் தைப்பவர்கள் இன்றும் வாங்குகிறார்கள். போலி தைப்பவருக்கும் அதே நூல் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விடத் தேர்ந்த பித்தலாட்டத்தில் நூலும் தோலும் நிஜமாகவே பழையவை, முத்திரை மட்டும் புதியது. சாதாரண உறையில் நாஜிகளின் எஸ்எஸ் படைக் குறியைக் குத்தி விலையைப் பல மடங்காக்குவது பழைய தந்திரம். டார்ச்சுக்கு இதில் வேலையே இல்லை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், ஈரமாக இருக்கையில் குத்தினால் நார்கள் இழைந்து கொடுக்கும். பள்ளத்தின் விளிம்பு மழுங்கி, பிற்பாடு பூசிய சாயமும் மெழுகும் அடிவரை படிந்திருக்கும். பல பத்தாண்டு உலர்ந்த தோலில் குத்தினால் மேற்பரப்பு நொறுங்கும். பள்ளத்துக்குள் மயிரிழை வெடிப்பும், கறுப்புக்கு அடியில் சாயம் ஏறாத பழுப்பும் தெரியும். விற்பவர் முத்திரையைக் காட்டி விலையை ஏற்றும்போது டார்ச்சை அணைக்கச் சொல்லிவிட்டு, பத்து மடங்கு லென்ஸோடு சாய்ந்த வெயிலில் அந்தப் பள்ளத்தைப் பாருங்கள்.