இரண்டாவது காரின் கணக்கு

கார் பந்தயம் என்றால் என் மகனுக்கு ஓட்டுகிறவர்தான் எல்லாம். கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிற எனக்கோ வண்டியைச் செய்தவர்கள் மேல்தான் கண். ஃபார்முலா 1 பந்தயம் முடிந்ததும் அவன் ஓட்டுநர் பட்டியலைத் தேடுவான், நான் அணிப் பட்டியலை.

கணக்கு லேசானதுதான். அணிக்கு இரண்டு கார். முதலில் வருகிறவருக்கு 25 புள்ளி, அடுத்து 18, 15 என்று இறங்கி பத்தாவது ஆளுக்கு 1. சில ஊர்களில் சனிக்கிழமை நடக்கும் குறும்பந்தயத்துக்குத் தனிப் புள்ளி. எடுத்த புள்ளி ஓட்டுநர் பெயரிலும் ஏறும், அணியின் பெயரிலும் ஏறும். வருடக் கடைசியில் இரண்டு பட்டங்கள். ஓட்டுநருக்கு 1950-இலிருந்து கொடுக்கிறார்கள். அணிக்கு 1958-இல்தான் ஆரம்பித்தார்கள். அப்போது அணியில் முன்னால் வந்த கார் மட்டும்தான் கணக்கில் சேரும். இப்போது இரண்டும் சேரும் என்பதால் ஒருவர் மட்டும் பறந்தால் போதாது.

2024-ஐப் பாருங்கள். ஓட்டுநர் பட்டம் வெர்ஸ்டாப்பனுக்கு, 437 புள்ளி. அதே ரெட் புல் காரில் பெரெஸ் எடுத்தது 152. அணி மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது.

மேலே மெக்லாரனுக்கும் ஃபெராரிக்கும் சண்டை. அபுதாபியில் கடைசிப் பந்தயம். மெக்லாரன் 21 புள்ளி முன்னே. முதல் வளைவிலேயே வெர்ஸ்டாப்பன் இடித்ததில் மெக்லாரனின் பியாஸ்ட்ரி சுழன்று கடைசிக்குப் போய்விட்டார். ஃபெராரியின் லெக்லெரோ 19-ஆவதாகக் கிளம்பி ஒவ்வொரு காராகத் தாண்டி மூன்றாவது வந்தார். சைன்ஸ் இரண்டாவது. ஆக ஃபெராரிக்கு 33. மெக்லாரனுக்கு நோரிஸ் ஜெயித்த 25, பியாஸ்ட்ரி தட்டுத் தடுமாறிப் பத்தாவது வந்த 1. முடிவு 666-க்கு 652. இரண்டு ஃபெராரியும் நோரிஸைத் தாண்டியிருந்தால் பட்டம் இத்தாலிக்குப் போயிருக்கும்.

கோப்பைக்கு மட்டும் இத்தனை பாடு இல்லை. பரிசுப் பணத்தைப் பிரிப்பதே அணிப் பட்டியலைப் பார்த்துத்தான். எட்டாவதா ஒன்பதாவதா என்று கீழே நடக்கிற அடிதடியை டிவியில் சரியாகக் காட்டுவதே இல்லை, எனக்கு அதில்தான் சுவாரசியம். ஜெயித்த அணிக்கு அடுத்த வருடம் காற்றுச் சோதனைக் கூடத்தில் நேரத்தைக் குறைத்து, கடைசி அணிக்குக் கூட்டிக் கொடுக்கிறார்கள். நியாயமான ஏற்பாடு.

அந்தக் கீழ்ப்பட்டியல் அடிதடியில் எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயனும் இருந்தார், 2005-இல் ஜோர்டன் அணிக்கு ஓட்டினார். இண்டியானாபோலிஸில் சாய்வான கடைசி வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஒதுங்கிவிட, ஓடியது ஆறே கார். நரேன் நாலாவது, அன்றைய கணக்கில் 5 புள்ளி. 'ஆறு பேரில் நாலாவதா' என்று இன்னமும் கேலி பேசுகிறார்கள். அந்த வருடம் முழுக்க ஜோர்டன் எடுத்ததே 12 புள்ளி. அதில் இந்த 5-ஐக் கழித்தால் 7. மினார்டி அணி அதே 7-ஓடு கடைசியில் நின்றது.