எல்லை தாண்டிப் போன ஆமை

2022 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் பத்து ஆமைகளை ஆற்றில் விட்டார்கள். ஏழு பெண், மூன்று ஆண். ஒவ்வொன்றின் ஓட்டிலும் ஒரு ஜி.பி.எஸ். கருவி. பத்தாகுர் பாஸ்கா என்னும் இந்த இனம், உலகில் மிக அரிதாகிவிட்ட நன்னீர் ஆமைகளில் ஒன்று. ஒருகாலத்தில் ஒடிசாவிலிருந்து மியான்மர் வரை கழிமுகங்களில் நிறைந்திருந்தது. இறைச்சிக்காகப் பிடித்தார்கள், மணலைத் தோண்டி முட்டைகளையும் அள்ளினார்கள். ஆமை ஏறக்குறைய அற்றுப்போனது.

2008-ல் சுந்தரவனத்தின் சஜ்னேகாலியில் வனத்துறைக் குளமொன்றில் எஞ்சியிருந்தவை எட்டு ஆண், மூன்று பெண், ஒரு இளம் ஆமை. அந்தப் பன்னிரண்டை வைத்து வனத்துறையும் ‘டர்டில் சர்வைவல் அலையன்ஸ்’ அமைப்பும் இனப்பெருக்கத்தைத் தொடங்கின. 2012-ல் குஞ்சுகள் பொரிந்தன. அடுத்த பத்தாண்டுகளில் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது.

அரிய சாதனைதான். ஆனால் குளத்தில் பெருகுவது பாதி வேலை. வேளாவேளைக்குத் தீனி தின்று வளர்ந்த ஆமை, ஓதம் ஏறி இறங்கும் ஆற்றில் எங்கே இரை தேடும்? எந்தக் கிளையாற்றில் ஒதுங்கும்? முட்டையிட எந்த மணல்திட்டுக்குப் போகும்? இது தெரியாமல் எந்த இடத்தைக் காவல் காப்பது? கருவி பொருத்தியது இதற்காகத்தான்.

ஆமையைப் பின்தொடர்வது புலியைப் பின்தொடர்வதுபோல் இல்லை. செயற்கைக்கோள் சிக்னல் தண்ணீரைத் துளைத்து வராது. ஆமை மூச்சுவிட மேலே வரும் சில நொடிகளில்தான் இருப்பிடம் பதிவாகும். சாதாரண ரேடியோ அலையையும் உப்புநீர் விழுங்கிவிடும். ஒலியலைக் கருவி தண்ணீருக்குள் வேலை செய்யும்; ஆனால் அதைக் கேட்க, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் படகில் அலைய வேண்டும். கருவியின் எடை ஆமைக்குப் பாரமாகிவிடக் கூடாது. பிசின் வைத்து ஒட்டினாலும் மரவேர்களிலும் சேற்றிலும் உரசி ஒருநாள் கழன்றுவிடும். அதனால் வந்து சேரும் ஒவ்வொரு புள்ளியும் பொன்னுக்குச் சமம்.

அந்தப் புள்ளிகள் சொன்ன சேதி பெரியது. விட்ட சில வாரங்களிலேயே ஓர் ஆமை வங்கதேசத்தின் குல்னா பகுதிக்குப் போய்விட்டது. சுந்தரவனத்தை நாம் இரு நாடாகப் பிரித்திருக்கிறோம். ஆமைக்கு அது ஒரே காடு, ஒரே ஆற்றுவலை. இந்தியக் கரையில் மட்டும் காவல் போட்டு இந்த இனத்தைக் காப்பாற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லாது.

கங்கையிலும் இதுபோல் இன்னொரு முயற்சி தொடங்கியது. 2025 ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்தின் ஹைதர்பூர் சதுப்புநிலப் பகுதியில், சிவப்புத்தலைக் கூரை ஆமைகள் இருபதை ஒலியலைக் கருவிகளோடு விட்டார்கள். ஒரு கூட்டத்தை அங்குள்ள அணைக்கு மேலே, இன்னொன்றை அணைக்குக் கீழே ஆற்றில். எங்கே விட்டால் பிழைத்துத் தங்குகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். சம்பல் ஆற்றில் கடைசியாக ஒதுங்கியிருக்கும் இந்த இனத்துக்குக் கங்கையில் மறுபடி இடம் உண்டா என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஆனால் கருவி ஆமை போகும் வழியைக் காட்டும், மீன்வலையிலிருந்து அதை விடுவிக்காது. ஆமை சிக்கினால் வலையை அறுத்தாவது அதை விடும் மீனவர்தான் உண்மையான காவலர். அறுந்த வலைக்கு இழப்பீட்டை இந்திய, வங்கதேச அரசுகள் தாமதமின்றிக் கொடுக்கட்டும். கருவி தரும் தகவலையும் ஒளிக்காமல் பகிர்ந்துகொள்ளட்டும்.