ஒரே முறை பூக்கும் பனை

கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதிக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், 1787ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாவரவியல் பூங்கா உள்ளது. அதன் கண்காணிப்பாளராக விளங்கிய வில்லியம் ராக்ஸ்பர்க், வங்காளத்தில் 'தாலி' என வழங்கப்பட்ட பனையை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். இது தமிழர் அறிந்த தாளிப்பனைக்கு நெருங்கிய உறவுடையது.

இம்மரம் பல்லாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்துக் காய்த்துப் பின்னர்ப் பட்டுப்போகும். எனவே, பூக்கும்போது வெட்டப்படும் மரம் விதையின்றி அழிகிறது.

வாழிடம் சுருங்க, இம்மரம் அருகியது. 1979இல் சாந்திநிகேதன் அருகே இயற்கையாக வளர்ந்திருந்த மரம் ஒன்று பூக்கத் தொடங்கியது. உச்சியில் எழுந்த பெரும் பூங்கொத்தை முன்பு கண்டிராத ஊரார், பேய்ப்பனை என்று அஞ்சி அதனை வெட்டினர். இன்று இவ்வினம் இயற்கைச் சூழலில் அற்றுப்போனதாகக் கருதப்படுகிறது. வளர்ப்பு மரங்களே எஞ்சியுள்ளன. மரத்தின் இயல்பை அறிதலே அதனைக் காத்தலின் முதற்படியாகும்.