பந்தாட்டச் சங்கம் யாருக்குச் சொந்தம்?

சென்ற வாரம் ஒரு நாள் விடியற்காலையில் திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்குள் நாம் நுழைய நேர்ந்தது. லாரிகளிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டை சுமந்த வாலிபர்களில் இருவர் கடல் கடந்த தேசங்களின் பந்தாட்டச் சங்கச் சட்டைகளை அணிந்திருந்தனர். ஒருவன் முதுகில் பார்ஸிலோனா; மற்றொருவன் முதுகில் மாஞ்செஸ்டர். முந்தைய இரவு ஆட்டத்தில் யார் எந்த நிமிஷத்தில் கோல் போட்டார் என்பதை மூட்டைக்கு மூட்டை தர்க்கித்துக்கொண்டே நடந்தனர். அவர்களுக்குள்ள ஞாபக சக்தி நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருவோருக்கு இருக்குமானால் நமது வக்கீல் தொழில் எவ்வளவோ சுலபமாயிருக்கும்! ஒருவனை நிறுத்தி, "தம்பி, நம் ஊர்ச் சங்கம் எது?" என்று கேட்டோம். மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "நம்ம ஊருக்கு ஏதுங்க சார் அதெல்லாம்?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஜில்லா லீக்கில் ஆடும் சங்கங்கள் இவ்வூரில் இல்லாமலில்லை. ஆயினும் ஊர் முழுதும் தன்னுடையதென்று கொண்டாடும் சங்கம் ஒன்றில்லை என்பது உண்மையே. அந்த வாலிபனின் சிரிப்பு நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகவே இன்று இவ்விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம்.

தேச விஷயங்களைப் பிரஸ்தாபிக்க வேண்டிய இப்பக்கத்தில் பந்து உதைப்பதைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்களில் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு சரித்திரங்களை நினைவூட்டுவோம்.

முதலாவது நமது தேசத்தது. கல்கத்தாவில் 1889-இல் தோன்றிய மோஹன் பகான் சங்கம், 1911 ஜூலை 29-ஆம் தேதி கிழக்கு யார்க்ஷையர் பட்டாளத்தின் கோஷ்டியை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. இந்தியக் கோஷ்டி ஒன்று அக்கேடயத்தை அடைந்தது அதுவே முதல் தடவை. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். சிவதாஸ் பாதுரி ஒரு கோலும், அபிலாஷ் கோஷ் ஒரு கோலும் போட்டனர். வங்கப் பிரிவினையின் புண் ஆறாதிருந்த காலம் அது. அவ்வருஷம் டிசம்பரில் பிரிவினை ரத்தாயிற்று. பந்தாட்டத்தால்தான் ரத்தாயிற்று என்று சொல்வது பேதைமை. ஆனால் வெள்ளைக்காரன் வெல்லற்கரியவன் என்ற பிரமை, மேடைப் பிரசங்கம் எட்டாத குடிசைகளிலும் அன்று கலைந்தது என்பதை யார் மறுக்க முடியும்?

இரண்டாவது, கருங்கடலுக்குக் கிழக்கேயுள்ள ஜார்ஜியா தேசத்தது. அது சோவியத் யூனியனில் அடங்கியிருந்த காலத்தில், குரியா என்ற பிரதேசத்தில் லாஞ்சகுதி என்ற சிற்றூரின் சங்கம், 1987-இல் சோவியத் முதல் தர லீக்கில் இடம் பெற்றது. மாஸ்கோ, கீவ் போன்ற மகாநகரங்களின் கோஷ்டிகள் அச்சிற்றூருக்கு வந்து ஆட வேண்டியதாயிற்று. ஊரின் ஜனத்தொகையைக் காட்டிலும் அதிகம் பேர் அமரத்தக்க மைதானம் அங்கே இருந்தது! பதினாறு சங்கங்களில் பதினாறாவதாக வந்து அவ்வருஷமே அச்சங்கம் கீழிறங்கியது. தோற்றதற்காக அவ்வூரார் அதைக் கைவிடவில்லை. 1990-இல் ஜார்ஜியச் சங்கங்கள் சோவியத் லீக்கை விட்டு விலகித் தமக்கென்று தனி லீக் அமைத்துக்கொண்டன. அத்தேசம் சுதந்தரப் பிரகடனம் செய்தது 1991 ஏப்ரலில்தான். தேசம் விடுதலை பெறுமுன் பந்து விடுதலை பெற்றுவிட்டது! இவற்றை அறிந்த பிறகும் பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு என்போருடன் நாம் வாதாடப் போவதில்லை.

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். பெரிய நகரமல்லாத ஓர் ஊரின் மைதானத்திலிருந்து தேசத்தின் லீக் கோப்பையைக் கெலித்த சரித்திரம் நமக்கும் உண்டு. ஆனால் அதைச் சொல்லும்போது பெருமையும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

சென்னை ஸிடி என்ற சங்கம் 2016-17-ஆம் வருஷத்தில் ஐ-லீக் என்னும் தேசிய லீக்கில் சேர்ந்தது. முதல் வருஷம் சென்னையில் ஆடியது. அடுத்த வருஷம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. இரண்டு வருஷமும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே உழன்றது. மூன்றாம் வருஷத்தில் நடந்தது எவரும் எதிர்பாராதது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக இருந்தார். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெத்ரோ மான்ஸி என்பவர் அவ்வருஷம் மட்டும் 21 கோல்கள் போட்டார். அவர்களோடு நம் நாட்டு வாலிபர்களும் தோளோடு தோள் நின்று ஆடினர்.

2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டம். எதிரே நின்றது முந்தின வருஷம் கோப்பையைக் கெலித்த மினர்வா பஞ்சாப். அதே சமயம் கோழிக்கோட்டில் கிழக்கு வங்காளச் சங்கம் ஆடிக்கொண்டிருந்தது. கோவையில் சற்றுச் சறுக்கினாலும் கோப்பை கல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் ஆரம்பித்த சில நிமிஷங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பின் மான்ஸி பெனால்டியால் கணக்கைச் சமன் செய்தார். அப்புறம் தற்காப்பு வரிசையில் ஆடும் கௌரவ் போரா இரண்டு கோல்கள் போட்டார். 3-1. கிழக்கு வங்காளமும் அன்று கெலித்தது; ஆயினும் 43 புள்ளிகளுக்கு 42 புள்ளிகள். ஒரே புள்ளி வித்தியாசத்தில் தேசத்தின் லீக் கோப்பை நொய்யல் நதிக்கரைக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து, மே 14-ஆம் தேதி, லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டத்தில், மதுரையைச் சார்ந்த சேது சங்கத்தின் பெண்மணிகள் மணிப்பூர் போலீஸ் கோஷ்டியை 3-1 என்று கெலித்தனர். ஒரே வருஷத்தில் ஆண்களின் லீக் கோப்பை கோவைக்கும், பெண்களின் லீக் கோப்பை மதுரைக்கும் வந்தன. இது கிரிக்கெட் விஷயமாயிருந்தால் தெருவுக்குத் தெரு ஊர்வலம் நடந்திருக்கும். அன்று தமிழ் நாட்டில் எத்தனை பேர் இதை அறிந்தனர்? இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? குற்றத்தில் எம் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

கோவையின் கோப்பைக்கு அப்பால் நடந்தது என்ன? அதே 2019-ஆம் வருஷத்தில் இந்தியன் சூப்பர் லீக்கே தேசத்தின் முதல் தர லீக் என்று முடிவாயிற்று. ஐ-லீக்கில் முதலாவதாக வருபவர் மேல் லீக்குக்கு ஏறும் வழி 2022-23-ஆம் வருஷத்துக்குப் பிறகே திறக்கும் என்றும் ஏற்பாடாயிற்று. மலையின் உச்சியை எட்டியவன், உச்சி வேறிடத்துக்கு மாறிவிட்டதென்று கேட்டால் எப்படியிருக்கும்? சென்னை ஸிடி 2020-இல் ஆசியக் கண்டத்துச் சங்கப் போட்டிகளில் ஆடியது. அந்த உரிமையாவது கிட்டிற்று. பிறகு தொற்றுநோய் வந்தது. 2020-21-ஆம் வருஷ லீக் முழுவதும் வங்காளத்திலேயே நடைபெற்றது. கோவை மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. நம் சங்கம் பட்டியலின் கீழ்ப்பாதிக்குச் சென்றது. 2021-இல் லைசென்ஸ் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று தேசிய லீக்கிலிருந்தே விலக்கப்பட்டது. கோப்பை கெலித்து மூன்று வருஷங்கூட ஆகவில்லை!

இதற்கு யார் பொறுப்பு? சங்கத்தை நடத்தியவர்களைத் தூற்ற நாம் ஒருப்படோம். தம் கைப்பொருளைச் செலவிட்டு, எவரும் முன்வராத காலத்தில் அவர்கள் முன்வந்தனர். அவர்கள் இல்லையேல் அந்தக் கோப்பையே இல்லை. லீக் அதிகாரிகள் மாடிப்படியை எடுத்துவிட்டு மாடிக்கு வா என்றது அநீதி என்பது நம் அபிப்பிராயம். ஆயினும் மூல வியாதி வேறு. அது சட்ட சம்பந்தமானது. ஆகவே நமக்குச் சற்றுப் பழக்கமானது.

ஒரு சங்கம் தனிப்பட்ட கம்பெனியாக இருக்குமானால் அது பங்குதாரர்களின் சொத்து. அவர்கள் அதை விற்கலாம்; வேறு ஊருக்குக் கொண்டு போகலாம்; கதவைச் சாத்திவிட்டுப் போகலாம். ஊராருக்கு அதில் உணர்ச்சி உண்டு, உரிமை இல்லை. நேரு ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்திய கோவை வாலிபனுக்கு அச்சங்கத்தின் கணக்கைக் கேட்கும் அதிகாரம் கிடையாது. ஒரு கூட்டத்தில் எழுந்து பேசும் அதிகாரமும் கிடையாது. பெயரில்கூட அவன் ஊருக்கு இடமில்லை: கெலித்தது கோவையில், பெயரோ சென்னை! தனக்குப் பாத்தியதை இல்லாத வீட்டைக் காப்பாற்ற எவன் வழக்காட முடியும்?

உரிமை இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கும் மோஹன் பகானே உதாரணம். 2020-இல் அப்பழைய சங்கம் பெரிய முதலாளிக் கம்பெனி ஒன்றுடன் இணைந்தபோது, நூற்றுக்கு எண்பது பங்கு கம்பெனியிடம் போயிற்று. சங்கத்தின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்துக்கள் ஒட்டவைக்கப்பட்டன. அபிமானிகள் விடவில்லை. மைதானத்திலும் வீதியிலும் கிளர்ச்சி செய்தனர். 2023-இல் அம்மூன்று எழுத்துக்களும் நீங்கின. நூற்றாண்டுக்கு மேற்பட்ட அங்கத்தினர் சபை ஒன்று பின்னால் இருந்ததனால் அவர்களுக்கு நிற்க ஓர் இடம் இருந்தது. ஜெர்மனி தேசத்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றனர். அங்கே லீக்கில் ஆடும் சங்கங்கள் கம்பெனியாக மாறினாலும், சில விலக்குகள் போக, வோட்டுக்களில் பாதிக்கு மேல் அங்கத்தினர் சபையிடமே இருக்க வேண்டும் என்பது விதி. 1998 முதல் அவ்விதி அமுலில் இருக்கிறது. முதலாளி பணம் போடலாம். ஊரை விலைக்கு வாங்க முடியாது.

ஜனநாயகம் என்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வோட்டுப் போடுவதோடு முடிந்துவிடுகிற காரியமல்ல. நாலு பேர் கூடிக் கணக்கு வைத்து, வாதாடி, தோற்ற பக்ஷமும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கமே அதன் அஸ்திவாரம். அப்பழக்கத்தை வாலிபர்களுக்குக் கற்பிக்க ஊர்ச் சங்கத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது? ஜாதி பேதம், மத பேதம் பார்த்தால் பதினொரு பேர் கொண்ட கோஷ்டி ஒரு வாரம் தாங்காது.

ஆகவே திருச்சி வாசிகளுக்கு நாம் ஒரு யோசனை கூறுகிறோம். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஒரு சங்கம் பதிவு செய்யப்படட்டும். அங்கத்தினர் சந்தா, மூட்டை சுமக்கும் வாலிபன் சிரமமின்றிக் கொடுக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். லக்ஷம் கொடுத்தவருக்கும் வோட்டு ஒன்றே. சந்தா மட்டும் கொடுத்தவருக்கும் வோட்டு ஒன்றே. வரவுசெலவுக் கணக்கு வருஷந்தோறும் காந்தி மார்க்கெட் வாயிலில் எல்லோரும் காண ஒட்டப்படட்டும். ஊர்ப் பெயர் சங்கத்தின் பெயரில் நிலைத்திருக்க வேண்டும் என்றும், நாலில் மூன்று பங்கு அங்கத்தினர் சம்மதமின்றி அதை மாற்றவோ விற்கவோ கூடாது என்றும் விதி எழுதப்படட்டும். இவ்விதிகளை எழுதிக் கொடுக்கும் வேலையை நாமே கட்டணமின்றி ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம்.

இவ்வூருக்கு என்ன குறை? பொன்மலையில் ரயில்வேத் தொழிற்சாலை நூற்றாண்டை எட்டுகிறது. ஜார்ஜியாவில் குதைசி நகரத்து டார்பிடோ சங்கம் 1946-இல் மோட்டார்த் தொழிலாளரின் சங்கமாகத் தோன்றிப் பின்னர் தேசத்தின் லீக் கோப்பையைப் பன்முறை கெலித்தது. குதைசித் தொழிலாளிக்கு முடிந்தது பொன்மலைத் தொழிலாளிக்கு முடியாதா? கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மாநகராட்சியின் வசத்தில் நிலம் உண்டு. வர்த்தகர்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் திருவிழாவுக்கும் அள்ளிக் கொடுப்பதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். இல்லாதது ஒன்றே: முதலில் கூட்டம் கூட்டுவோர்.

நமது நேயர்களில் பெரும்பாலோர் கூட்டம் கூட்டுவதில் தேர்ந்தவர்கள். கண்டனக் கூட்டம் கூட்டத் தெரிந்தவர்களுக்கு இக்கூட்டம் கூட்டுவது பிரமாதமல்ல. அடுத்த மாதத்துக்குள் ஊர்ப் பெரியோர், ஆசிரியர், தொழிலாளர், மாணவர், பெண்மணிகள் யாவரும் கலந்து ஒரு பூர்வாங்கக் கூட்டம் நடக்க வேண்டும். அதன் முதல் சந்தாவை, முதுகில் பார்ஸிலோனாவைச் சுமந்துகொண்டு வெங்காய மூட்டை இறக்கிய அந்த வாலிபனிடமிருந்து பெற வேண்டும் என்பது நமது ஆசை. அவனைத் தேடி மார்க்கெட்டுக்குப் போகும் பொறுப்பு நம்முடையது.